முட்டைக்கு மேல் என்ன கறி?

ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கிற காலம் வந்தாச்சு. நவம்பரிலிருந்து மார்ச் வரை வளைகுடாவில் நமக்குக் கிடைப்பது இந்த ஐந்து மாசம்தான். பார்க்கில் பாய் விரிக்கலாம், கடற்கரையில் மதியம்கூட உட்காரலாம். பிக்னிக் கூடையில் என்ன வைப்பது என்று வருஷா வருஷம் எழுதுகிறேன். இந்த முறை ஒரே ஒரு ஐட்டம்: ஸ்காட்ச் எக்.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது முஷ்ரிஃப் பார்க்குக்குப் போனால் அம்மா புளியோதரையும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு வருவார். மிளகுப்பொடி தனியாக ஒரு காகிதத்தில். இப்போது நம் பிள்ளைகள் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கிறார்கள். கூடப் படிக்கிறவர்களின் பிறந்தநாள் விருந்தில் இதைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம வீட்ல ஏன் இது இல்ல?" என்று கேட்கிறார்கள். தெரியாதவர்களுக்காக: முட்டையை அவித்து உரித்து, மசாலா சேர்த்த கொத்துக்கறியால் முழுசாக மூடி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தால் ஸ்காட்ச் எக். முட்டை போண்டாவில் கடலை மாவு இருக்கிற இடத்தில் இங்கே கறி.

நாலு வாரமாக வெள்ளி மதியம் பள்ளி சீக்கிரம் விட்டதும் ஏதாவது ஒரு கடைக்குப் போய் வாங்கி வந்து, வீட்டில் எல்லாரும் ருசி பார்த்தோம். கடைப் பெயர் சொல்லி மார்க் போடப் போவதில்லை. ஒரே கடையிலேயே இந்த வாரம் ஒரு மாதிரி, அடுத்த வாரம் ஒரு மாதிரி இருக்கிறது. பிரிட்டிஷ் சாமான்கள் அதிகம் வைக்கிற ஸ்பின்னீஸ், வெயிட்ரோஸ் மாதிரி இடங்களில் தேடுங்கள். எங்கே வாங்கினாலும் வகை எது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

முதல் வகை, ஒரிஜினல். அதாவது பன்றிக்கறி. இங்கிலாந்தில் வெறுமனே ஸ்காட்ச் எக் என்றாலே பெரும்பாலும் இதுதான். அமீரகத்தில் இது பொதுவான குளிர்பெட்டியில் இருக்காது. 'முஸ்லிம் அல்லாதவர்களுக்கு' என்று போர்டு போட்ட தனி அறைக்குள் இருக்கும். சவுதியிலும் குவைத்திலும் பன்றிக்கறி விற்பனையே கிடையாது, அதனால் அங்கே இருக்கிறவர்கள் அடுத்த வகைக்குப் போய்விடலாம். ருசி என்று மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம், மறைக்க ஒன்றுமில்லை. கறியில் கொழுப்பு இருப்பதால் ஆறின பிறகும் வறண்டு போகாமல் இருக்கிறது.

இரண்டாவது, கோழியிலோ மாட்டுக்கறியிலோ செய்தது. டெலி கவுன்டரிலோ குளிர்பெட்டியிலோ கிடைக்கும். கோழியில் எனக்கு ஒரு குறை உண்டு. நெஞ்சுக்கறியை மட்டும் அரைத்துச் செய்திருந்தால் கடிக்கும்போது வாயெல்லாம் தவிடு மாதிரி ஆகிவிடும். தொடைக்கறி கலந்திருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் அதை எந்த லேபிளும் பெரிய எழுத்தில் சொல்லாது. வெட்டிப் பார்த்துத்தான் தெரியும். மாட்டுக்கறியில் செய்தது கனமாக, மிளகு தூக்கலாக இருந்தது. என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது அதுதான்.

மூன்றாவது, கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய மினி சைஸ். லீவுக்கு லண்டன் போய் வந்த பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். இதில் முழு முட்டை இருக்காது, முட்டையைப் பொடியாக நறுக்கி மயோனைஸில் பிசைந்து உள்ளே வைத்திருப்பார்கள். பார்ட்டிக்கு அழகு. என் கணக்கில் இது ஸ்காட்ச் எக் இல்லை, வேறு ஏதோ. பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நல்லது எது என்று பார்க்க ஒரு கத்தி போதும். நடுவில் வெட்டுங்கள். கறி முட்டையோடு ஒட்டி நிற்க வேண்டும். இடையில் காற்று புகுந்து, ஓடு மாதிரி கறி தனியாகக் கழன்று விழுந்தால் அது அவசரத்தில் செய்தது, அல்லது முட்டையின் ஈரத்தைத் துடைக்காமல் சுற்றியது. கறியின் தடிமன் சுண்டுவிரல் அளவு போதும், அதற்கு மேல் போனால் முட்டை எதற்கு? மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையாக வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம். அதிக நேரம் வெந்ததில் வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து வருகிற நிறம் அது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ருசிதான் கொஞ்சம் மட்டு.

இதெல்லாம் வாய்க்கு. இனிமேல் சொல்லப்போவது எனக்கு அதைவிடப் பெரிய விஷயம்.

வெளியிலிருந்து பார்த்தால் பன்றி, மாடு, கோழி மூன்றும் ஒரே பழுப்பு உருண்டை. பிரித்து அடுக்கிவிட்டால் எது எது என்று பெரியவர்களுக்கே தெரியாது. நம் பிள்ளைகளின் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எமிராத்தி, எகிப்து, பாகிஸ்தான், கேரளா, பிலிப்பைன்ஸ், நம்ம காயல்பட்டினம், கீழக்கரை. மதிய இடைவேளையில் டப்பா திறந்தால் பங்கு போட்டுத்தான் சாப்பிடுவார்கள், டீச்சர் என்ன சொன்னாலும்.

போன வருஷம் என் மகளுக்கு கோழி ஸ்காட்ச் எக் இரண்டு வைத்து அனுப்பினேன். சாயங்காலம் இரண்டும் அப்படியே திரும்பி வந்தது.

"ஏன் கண்ணு, பிடிக்கலையா?"

"பக்கத்துல உக்கார்ற ஃப்ரெண்டு இது ஹலாலான்னு கேட்டாம்மா. எனக்குத் தெரியல. தெரியாதுன்னு சொன்னேன். அவ வேணாம்னுட்டா. அவ சாப்பிடாம நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது?"

எட்டு வயசுப் பிள்ளை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். டப்பாவிலிருந்தது ஹலால் கோழிதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டப்பாவை மூடும்போதே சொல்லிவிடுவது வழக்கம்: "இன்னைக்கு கோழி, ஹலால்." அல்லது "இன்னைக்கு முட்டை மட்டும், கறி இல்ல." பன்றிக்கறி எதுவும் பள்ளிக்குப் போகாது. வீட்டில் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் சாப்பிடட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் நோன்பும் நம்பிக்கையும் நம் டிபன் பாக்ஸால் கெடக்கூடாது.

இது எதிர்ப்பக்கமும் உண்டு. மாட்டுக்கறி சாப்பிடாத வீட்டுப் பிள்ளை, நண்பன் வீட்டு விருந்தில் இந்த உருண்டையைக் கையில் எடுக்கும்போது "இதில் என்ன கறி, ஆன்டி?" என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது. அது மரியாதைக் குறைவு இல்லை என்று நாம்தான் சொல்லித் தரவேண்டும். நம் தலைமுறையில் பலர் கேட்காமலே பட்டினியாகத் திரும்பி வந்தோம். லேபிள் படிக்கவும் பழக்குங்கள். கறிப் பெயரோடு நிறுத்தாமல் பால், கோதுமை, கடுகு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அலர்ஜி இருக்கிற பிள்ளைகளுக்கு ரொட்டித்தூள்கூட விஷயம்தான்.

அடுத்தது சூடு. முட்டையும் கறியும் சேர்ந்த பண்டம். 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் வெளியே கிடந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். பொதுவாகச் சொல்கிற கணக்கு, வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம். வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம். ஆகஸ்ட் கடைசியில் பள்ளி திறக்கிறபோது இங்கே வெயில் 40 டிகிரி. பள்ளி பஸ், மைதானம், வெயில் பட்ட பை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். அந்த மாசங்களில் ஐஸ் பேக் வைத்த கூல் பேக் இல்லாமல் இதை அனுப்பாதீர்கள். ஷாப்பிங் முடிந்து வரும்போது காரின் டிக்கியிலும் வேண்டாம், ஏசி ஓடுகிற முன்பக்கம் வையுங்கள். டிசம்பரில் இவ்வளவு கெடுபிடி வேண்டாம், ஆனாலும் ஐஸ் பேக் இருக்கட்டும்.

எப்படிச் சாப்பிடுவது? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே கடிப்பது இங்கிலாந்துக்காரர் பழக்கம். எனக்குச் சரிப்படவில்லை, உறைந்த கொழுப்பு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. முழுசாக மைக்ரோவேவில் வைக்கவே வைக்காதீர்கள்: உள்ளே ஆவி அடைபட்டு முட்டை வெடிக்கும், சில நேரம் வெளியே எடுத்துக் கடிக்கும்போது வெடிக்கும். ஏர் ஃப்ரையரில் 170 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்தால் மேலே மொறுமொறுப்பு திரும்பி வரும். நடு வரைக்கும் நன்றாகச் சூடேறியதா என்று வெட்டிப் பாருங்கள். மஞ்சள் கரு இளகலாக இருக்கிற வகை என்றால் சூடு பண்ணும்போது அது இறுகிவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

தொட்டுக்கொள்ள கடுகு சாஸ் என்பார்கள். புளிப்பு கட்டாயம் வேண்டும், அது உண்மை. ஆனால் கடுகு சாஸை விட நம் எலுமிச்சை ஊறுகாயின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பச்சைமிளகாய் போட்ட தயிர்ப்பச்சடியும் பொருந்தும். தக்காளி சாஸ் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

என் மாமியார் மூன்று மாசம் இங்கே வந்திருந்தார். முதல் நாள் அரை உருண்டையைத் தட்டில் வைத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கோலா உருண்டைதானே? உள்ளுக்குள்ள முட்டையை ஒளிச்சு வெச்சிருக்கான். குழம்பு எங்கடீ?"

"குழம்பு இல்லாமத்தான் அத்தை சாப்பிடுவாங்க."

"அதான் தொண்டையில அடைக்குது."

அவர் சொன்னதில் சரித்திரமும் இருக்கிறது. லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடை, 1738இல் வண்டியில் பயணம் போகிறவர்களுக்காகத் தாங்கள்தான் இதைக் கண்டுபிடித்தோம் என்கிறது. ஆனால் மரியா ரண்டல் என்ற அம்மாள் எழுதிய சமையல் புத்தகத்தில் 1809 வாக்கில் வருகிற செய்முறையில், சூடாக, கிரேவியோடு பரிமாறச் சொல்லியிருக்கிறது. அது அப்படியே வடக்கத்தி நர்கிஸி கோஃப்தா இல்லையா? அவித்த முட்டையைக் கீமாவில் பொதிந்து பொரித்து, பாதியாக வெட்டிக் குழம்பில் வைப்பது. வெள்ளையும் மஞ்சளுமாக நர்கிஸ் பூ மாதிரி தெரிவதால் அந்தப் பெயர். இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் கொண்டுபோன பண்டம்தான் இது என்று சில உணவு ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள், நிரூபணம் இல்லை. ஸ்காட்லாந்துக்கும் இதற்கும் என்ன உறவு என்பதும் தெளிவில்லை. துபாயில் பாகிஸ்தானி, ஹைதராபாதி உணவகங்களில் நர்கிஸி கோஃப்தா இருந்தால் ஒரு தடவை வாங்கிப் பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

இன்னொரு வேடிக்கை. 2020 டிசம்பரில் கொரோனா கட்டுப்பாட்டின்போது இங்கிலாந்தின் பல பகுதிகளில், பப்பில் குடிக்க வேண்டுமானால் வயிறார ஒரு சாப்பாடும் வாங்கியாக வேண்டும் என்று விதி வந்தது. ஸ்காட்ச் எக் அந்தக் கணக்கில் வருமா? ஜார்ஜ் யூஸ்டிஸ் என்ற மந்திரி வரும் என்றார். மைக்கேல் கோவ் என்ற இன்னொரு மந்திரி அது வெறும் ஸ்டார்ட்டர் என்று சொல்லிவிட்டு, அதே நாளில் சாப்பாடுதான் என்று மாற்றிக்கொண்டார். மாமியாரிடம் சொன்னேன். "ரெண்டு இட்லியும் வெச்சா சாப்பாடு" என்று தீர்ப்பு சொன்னார்.

அன்று ராத்திரி கராமாவிலிருந்து பரோட்டா வாங்கி வந்தோம், சால்னா பொட்டலத்தோடு. தட்டில் முதலில் சால்னாவை ஊற்றி, சூடு பண்ணின ஸ்காட்ச் எக்கைப் பாதியாக வெட்டி, வெட்டின பக்கம் மேலே தெரிகிற மாதிரி அதன் மேல் உட்கார வைத்தோம். மேல் பக்கம் மொறுமொறுப்பாக நிற்கும், அடிப்பக்கம் குழம்பில் ஊறும். கோழியின் வறட்சியும் தெரியவில்லை. நாலு வாரம் வாங்கினதில் எங்கள் வீட்டில் மிச்சம் இல்லாமல் காலியானது அந்த ஒரு ராத்திரிதான்.

வேறு நாள் ஏதாவது மீந்தால் அன்றைக்கே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் கொத்து பரோட்டா போடும்போது கடைசியில் நறுக்கிச் சேர்த்து, கல்லில் ஆவி பறக்கிற அளவுக்குச் சூடேற்றுங்கள். தனியாக முட்டை உடைத்து ஊற்ற வேண்டியதில்லை.