ஊசிக்கு முன் செய்யவேண்டுவன

அறுவைக்கு வந்த குழந்தையை நால்வர் பிடித்துக்கொள்ள, ஈதரின் நெடியை முகரச்செய்து மயக்கிய காலம் ஒன்றுண்டு. 1934-ஆம் ஆண்டில் தயோபென்டோன் என்னும் மருந்தைச் சிரைவழியே செலுத்தி மயக்கமூட்டும் முறை வழக்கிற்கு வந்தது. பின்னர், 1970-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கெட்டமினும், 1986-இல் பிரிட்டனில் வெளிவந்த புரோபோஃபாலும் இம்முறையை மேலும் எளிதாக்கின. கெட்டமின் நோவைத் தணிக்கும்; மூச்சைப் பெரிதும் ஒடுக்குவதில்லை. புரோபோஃபாலால் மயங்கிய குழந்தை விரைவில் தெளிகின்றது, வாந்தியும் குறைவு.

இவ்வெளிமையே தவறான எண்ணமொன்றுக்கு இடந்தந்துவிட்டது. ஓர் ஊசிதானே, தூங்கி எழுந்துவிடும் எனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். குழந்தை உருவிற் சிறுத்த பெரியவரன்று. மயக்கந் தொடங்குவதற்குரிய புரோபோஃபாலின் அளவு, உடலெடையில் கிலோகிராம் ஒன்றுக்குப் பெரியவர்க்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம், குழந்தைக்கோ 2.5 முதல் 3.5 மில்லிகிராம். 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு, மதிப்பாக 12 என எழுதிவிட்டால், மருந்து ஐந்தில் ஒரு பங்கு மிகுந்துவிடும்.

எடையினும் பெரிது உணவு. மயக்கத்தில் தொண்டையின் காப்புணர்ச்சி அடங்குவதால், வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுட் புகுந்து உயிருக்கே இறுதியாகலாம். எனவே திட உணவும் பசும்பாலும் 6 மணி நேரமும், தாய்ப்பால் 4 மணி நேரமும், தெளிந்த நீர் 2 மணி நேரமும் முன்னரே நிறுத்தப்படல் வேண்டும். விடியலிற் பசித்தழும் குழந்தைக்கு இரக்கத்தால் ஒரு பிஸ்கோத்தைக் கொடுத்துவிட்டு, ஏசுவார்களோ என்றஞ்சித் தாய் மறைப்பதுண்டு. முதல்நாள் இரவு முதலே நீருமின்றிக் கிடத்துவதும் பிழையே. உடல் வறண்ட குழந்தைக்குச் சிரை அகப்படுவதும் அரிதாகும்.

இவையெல்லாம் மருத்துவரின் பொறுப்பன்றோ எனச் சிலர் வினவலாம். எடையை மீண்டும் நிறுத்துப் பார்த்தலும், மயக்கத்தில் மூச்சையும் நாடியையும் இமைகொட்டாது காத்தலும் அவர் கடனே. ஆயின் விடியலில் வீட்டில் நிகழ்ந்ததையும், சென்ற வாரம் குழந்தை சளியால் இருமியதையும் அவர் எங்ஙனம் அறிவார்?

2013-இல் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின் குழுக்கள், பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம் முதலிய குறைகளைப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கண்டறிந்து சிறுவரை மருத்துவமனைக்கு அனுப்புகின்றன. பரிந்துரைச் சீட்டைக் கையில் தந்ததோடு களப்பணியாளரின் கடமை முடிந்துவிடலாகாது. உணவு நிறுத்தும் நேரத்தைப் பெற்றோரின் தாய்மொழியில் எழுதித் தருதலும், உண்மையைச் சொன்னால் அறுவை ஒருநாள் தள்ளிப்போகுமே தவிர எவரும் பழிக்கமாட்டார் எனத் தேற்றுதலும் அவரால் இயலும். இருமும் மாணவனை ஆசிரியர் எளிதில் அறிவார். அதை ஒருவரி எழுதி அனுப்பலாம்.

ஊசி ஏற்றுதல் ஒரு நொடி வேலை. அதற்குரிய காப்போ, முதல்நாளே ஊரிலும் வீட்டிலும் தொடங்கவேண்டும்.