ட்ரூடோ போனார், கார்னி வந்தார்: மக்களின் கோபம் எங்கே போனது?

2024 முழுக்க ஸ்கார்பரோவில் நான் வாடகைக்கு இருந்த பேஸ்மெண்டுக்கு மேலேயிருந்து ஒரே வசவுதான் கேட்டுக்கொண்டிருந்தது. "இவன் நாட்டை நாசமாக்கிப் போட்டான்." இவன் என்றால் ஜஸ்டின் ட்ரூடோ. வீட்டுக்கடன் வட்டி ஏறியதற்கு ட்ரூடோ காரணம். தக்காளி விலைக்கு ட்ரூடோ காரணம். எனக்கு வாடகையை ஏற்றியதற்கும் வீட்டுக்கார அண்ணையின் கணக்கில் ட்ரூடோதான் காரணம்! 2025 ஏப்ரல் 28 இரவு அதே ட்ரூடோவின் லிபரல் கட்சி நான்காவது முறையாக வென்றபோது அண்ணை கைதட்டினார். "கார்னி படிச்ச மனுசன், தம்பி."

அண்ணையைக் கிண்டல் செய்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கோபம் உண்மையானது. ஆனால் அந்தக் கோபம் நான்கே மாதத்தில் எப்படிக் கரைந்தது, யார் அதைக் கரைத்தார்கள் என்று கேட்காமல் விட்டால், அடுத்த பத்தாண்டும் இதே நாடகத்தைத்தான் பார்ப்போம். இந்த நாட்டில் எனக்கு வாக்கு கிடையாது, நான் மாணவர் அனுமதியில் இருப்பவன். ஆனால் அந்தக் கோபத்தின் விலையில் ஒரு பங்கை நானும் கொடுத்தேன்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2024 அக்டோபரில் லிபரல் கட்சி எம்.பி.க்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் ட்ரூடோவைப் பதவி விலகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள். அவர் அசையவில்லை. டிசம்பர் 16 அன்று நிதியமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலாண்ட் விலகிய பிறகே ஆட்டம் கண்டது. 2025 ஜனவரி 6 அன்று ட்ரூடோ விலகல் அறிவித்தார். அதே நாளில் நாடாளுமன்றமும் மார்ச் 24 வரை முடக்கப்பட்டது. அப்போது கருத்துக்கணிப்புகளில் லிபரல் கட்சி 20 புள்ளிகளுக்கு மேல் பின்தங்கியிருந்தது.

மார்ச் 9 அன்று கட்சிக்காரர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாக்களித்து, 85.9 விழுக்காடு ஆதரவோடு மார்க் கார்னியைத் தலைவராக்கினார்கள். ஐந்து நாளில் அவர் பிரதமர். கனடாவின் மத்திய வங்கிக்கும் இங்கிலாந்தின் மத்திய வங்கிக்கும் ஆளுநராக இருந்தவர். அதுவரை எந்தத் தேர்தலிலும் மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றவர் அல்லர். நான்கு கோடி மக்களின் நாட்டுக்குப் பிரதமரை ஒன்றரை லட்சம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் பெரிதும் வெறுத்த நுகர்வோர் கரிம வரி ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. எதிர்க்கட்சியின் முக்கிய முழக்கமும் அதோடு போயிற்று. ட்ரம்ப் கனடாவை 51வது மாநிலம் என்று இழிவுபடுத்திச் சுங்க வரி போட்டதும் மக்கள் மிரண்டார்கள். அந்த மிரட்சியில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டு வாடகை, மருத்துவமனைக் காத்திருப்பு, கூலி என்று எதன் மீதெல்லாம் கோபப்பட்டார்களோ, அது எதுவும் அந்த நான்கு மாதத்தில் மாறவில்லை. முகம் மட்டுமே மாறியது.

சரி, எதிர்ப்பக்கம்? கன்சர்வேடிவ் தலைவர் பியர் பொலியெவ் கோபத்தையே கட்சியாக மாற்றியவர். நாடே உடைந்து கிடக்கிறது என்பது அவர் பல்லவி. 2004 முதல் எம்.பி.யாக இருப்பவர், அதிகார வர்க்கத்துக்கு எதிரான கலகக்காரர் வேடம் கட்டினார். ஏப்ரலில் சொந்தத் தொகுதி மக்களே அவரைத் தோற்கடித்தார்கள். பிறகு என்ன நடந்தது? ஆல்பர்டாவில் கட்சியின் மிகப் பாதுகாப்பான தொகுதி ஒன்றில் வென்றிருந்த எம்.பி. பதவி விலகினார். ஆகஸ்ட் 18 இடைத்தேர்தலில் பொலியெவ் அங்கே நின்று, ஏறக்குறைய 80 விழுக்காடு வாக்குகளோடு திரும்பி வந்தார். கார்லட்டன் மக்கள் வேண்டாம் என்றது நான்காம் மாதம் முடிவதற்குள் அழிக்கப்பட்டுவிட்டது.

ஒரு கட்சி மக்கள் வெறுத்த தலைவரை மாற்றி அதிகாரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. இன்னொரு கட்சி மக்கள் தோற்கடித்த தலைவரை வேறு வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தது. இரண்டிலும் மக்களின் கோபத்துக்கு என்ன மரியாதை?

இதைத் தலைவர்களின் குணக்கேடு என்று சுருக்கக் கூடாது. இதற்குக் கணக்கு இருக்கிறது. தொகுதியில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே எல்லாம் என்ற தேர்தல் முறை கனடாவிலும் இருக்கிறது, இந்தியாவிலும் இருக்கிறது. 2015இல் ட்ரூடோ, இந்த முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் இதுதான் என்று வாக்குறுதி கொடுத்தார். 39.5 விழுக்காடு வாக்கில் 338 இடங்களில் 184ஐ வென்றார். 2017 பிப்ரவரியில் அந்த வாக்குறுதியைக் கைகழுவினார். அதன் பலனை 2019இலும் 2021இலும் அறுவடை செய்தார். இரண்டு முறையும் கன்சர்வேடிவ் கட்சியைவிடக் குறைந்த வாக்கு விழுக்காடு, ஆனால் அதிக இடங்கள், ஆட்சி. ஏணியில் ஏறி முடித்தவர் ஏணியை ஏன் மாற்றப்போகிறார்?

2025இல் புதிய ஜனநாயகக் கட்சி 6.3 விழுக்காடு வாக்கு பெற்று 7 இடங்களில் வென்றது. கியூபெக் மாகாணத்தில் மட்டும் போட்டியிடும் பிளாக் கியூபெக்வா கட்சியும் அதே 6.3 விழுக்காடுதான். ஆனால் 22 இடங்கள். ஓரிடத்தில் குவிந்திருப்பவரின் வாக்குக்கு மதிப்பு, நாடெங்கும் சிதறியிருப்பவரின் வாக்குக்கு மதிப்பில்லை. ஒன்டாரியோ மாகாணத்தில் 2022இல் பாதிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவே போகவில்லை. போனவர்களில் 40.8 விழுக்காட்டினர் டக் ஃபோர்டின் கட்சிக்கு வாக்களிக்க, 124 இடங்களில் 83 அவருக்குக் கிடைத்தது. கணக்குப் போட்டால், நூறு வாக்காளர்களில் ஏறத்தாழ 18 பேரின் ஆதரவு, சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

மக்களே இந்த முறையைத்தான் விரும்புகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005 பொதுவாக்கெடுப்பில் 57.7 விழுக்காட்டினர் தேர்தல் முறையை மாற்றச் சொன்னார்கள். 60 விழுக்காடு வேண்டும் என்று விதி வைத்திருந்ததால் அது தோற்றதாக அறிவிக்கப்பட்டது. 40 விழுக்காட்டில் நாட்டை ஆளலாம், ஆனால் 57.7 விழுக்காட்டில் விதியை மாற்ற முடியாது! அங்கே பின்னால் நடந்த வாக்கெடுப்புகளில் மாற்றம் வேண்டாம் என்போர் வென்றது உண்மை. ஆனால் கதவு திறந்தபோது அதைச் சாத்தியது மக்கள் அல்ல.

இதை வாசிக்கும் அம்பேத்கரியத் தோழர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது. 1932இல் தனித்தொகுதி உரிமை புனே ஒப்பந்தத்தில் பறிபோனபோது அண்ணல் சுட்டிக்காட்டிய சிக்கலே இது. சிதறிக் கிடக்கும் சிறுபான்மை தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்க முடியாவிட்டால், அந்தப் பிரதிநிதி பெரும்பான்மையின் தயவில்தான் நிற்பார். முகம் நம்முடையதாக இருக்கும், கடிவாளம் அவர்களிடம் இருக்கும். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் இன்னொன்றையும் எச்சரித்தார்: அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும். தனிமனித வெறுப்பும் அந்த பக்தியின் மறுபக்கம்தான் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். ட்ரூடோ ஒருவரால்தான் எல்லாம் கெட்டது என்று நம்புகிறவர், கார்னி ஒருவரால் எல்லாம் சரியாகும் என்றும் நம்பத்தான் செய்வார்.

முகம் மாறினால் எல்லாம் மாறும் என்பவர்களை வடக்கு ஒன்டாரியோவில் உள்ள நெஸ்கன்டாகா பூர்வகுடி ஊருக்கு அனுப்பி வைக்க வேண்டும். அங்கே 1995 பிப்ரவரி முதல் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறது. 30 ஆண்டுகள். கிரேட்சியன், மார்ட்டின், ஹார்ப்பர், ட்ரூடோ, கார்னி என ஐந்து பிரதமர்கள். உலகிலேயே நன்னீர் வளம் மிகுந்த நாடுகளில் ஒன்று இது. பூர்வகுடி ஊர்களில் நீண்டகாலக் குடிநீர் எச்சரிக்கைகள் அனைத்தையும் 2021 மார்ச்சுக்குள் ஒழிப்பதாக ட்ரூடோ சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டன, அதை மறுக்கவில்லை. ஆனால் கெடு தாண்டியும் பல ஊர்களில் நீடித்தன. சட்டப்பதிவு பெற்ற பூர்வகுடிகள் தங்கள் அடையாளத்தை இழக்காமல் வாக்களிக்கும் உரிமை பெற்றதே 1960இல்தான். 2021 கணக்கெடுப்பின்படி பூர்வகுடிகள் மக்கள்தொகையில் 5 விழுக்காடு. சிதறிய 5 விழுக்காட்டின் தாகத்துக்கு எந்தக் கட்சியும் தோற்பதில்லை.

நாட்டின் முதல் பூர்வகுடி நீதியமைச்சர் ஜோடி வில்சன்-ரேபோல்டுக்கு என்ன நடந்தது? ஒரு பெரிய பொறியியல் நிறுவனத்தின் மீதான ஊழல் வழக்கில் பிரதமர் தரப்பின் அழுத்தத்துக்கு அவர் பணியவில்லை. 2019 ஏப்ரலில் கட்சியின் எம்.பி.க்கள் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். ட்ரூடோ நலன் முரண் சட்டத்தை மீறினார் என்று நெறிமுறை ஆணையர் ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். ட்ரூடோ பிரதமராகத் தொடர்ந்தார், அக்டோபரில் மீண்டும் வென்றார்.

தலைவரிடம் கணக்குக் கேட்க முடியாதபோது கோபம் சும்மா இருக்காது. கீழே இறங்கும். ஏணிப்படியில் கீழே நிற்பவனை மிதிப்பது சாதிச் சமூகத்தில் பிறந்த நமக்கு விளக்க வேண்டாத பாடம். கனடாவில் அந்தக் கீழ்ப்படி வெளிநாட்டு மாணவர். ஒன்டாரியோ அரசு 2019இல் உள்நாட்டு மாணவர் கட்டணத்தை 10 விழுக்காடு குறைத்து அப்படியே நிறுத்தியது, ஆனால் அந்த இழப்பை ஈடுகட்ட நிதி கொடுக்கவில்லை. கல்லூரிகள் பல மடங்கு கட்டணம் கட்டும் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தன. மத்திய அரசு அனுமதி கொடுத்தது. வீட்டுக்காரர்கள் பேஸ்மெண்டைத் தடுத்துத் தடுத்து வாடகை வாங்கினார்கள். வீடு கிடைக்கவில்லை என்று மக்கள் கொதித்தபோது, 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது அதே அரசு. கொள்கை வகுத்தவர்கள் தப்பினார்கள், பஞ்சாபிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நிலத்தை விற்றுவிட்டு வந்த பிள்ளைகள் குற்றவாளி ஆனார்கள். பேருந்தில் "திரும்பிப் போ" என்று என்னிடம் சொன்னவருக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது யார்?

நம்மவர்கள் அதிகாரத்துக்கு வந்தால் இது மாறும் என்று சொல்லும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2010இல் எம்.வி. சன் சீ கப்பலில் வந்த 492 ஈழத் தமிழர்களை ஹார்ப்பர் அரசு சிறையில் அடைத்தது. அன்று அந்த அரசை எதிர்த்தோம், சரி. 2025 ஜூனில் எல்லை மசோதா ஒன்று வந்தது. நாட்டுக்குள் வந்து ஓராண்டு கடந்தபின் அகதிக் கோரிக்கை வைப்பவர்களின் மனு, அகதிகள் வாரியத்தின் விசாரணைக்கே போகக் கூடாது என்கிற பிரிவு அதில் இருந்தது. நாடாளுமன்றத்தில் அதை முன்வைத்தவர் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கேரி ஆனந்தசங்கரி, ஈழத் தமிழர். அவருடைய தனிப்பட்ட மனத்தைப் பற்றி நான் பேசவில்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இதே மசோதாதான் வந்திருக்கும் என்பதே என் வாதம்.

தமிழ் மரபுத் திங்கள் கொண்டாட எல்லாக் கட்சித் தலைவர்களும் வேட்டி கட்டி வருகிறார்கள். சாதியைப் பற்றி அந்த மேடையில் பேசிப் பாருங்கள். 2023 மார்ச்சில் டொரண்டோ மாவட்டப் பள்ளி வாரியத்தில் சாதிப் பாகுபாட்டை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தவர் யாழினி ராஜகுலசிங்கம் என்ற தமிழ்ப் பெண் உறுப்பினர். கடும் எதிர்ப்பை மீறி அது நிறைவேறியது. அக்டோபரில் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையமும், சாதிப் பாகுபாடு மாகாண மனித உரிமைச் சட்டப்படி தடைசெய்யப்பட்டதே என்று நிலைப்பாடு அறிவித்தது. ஆனால் கனடிய மனித உரிமைச் சட்டத்தின் பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை. எந்தப் பெரிய கட்சியும் தேர்தலில் அதை முதன்மை வாக்குறுதி ஆக்கவில்லை. ஏன்? வேட்பாளர் தேர்வில் மொத்தமாக ஆள் சேர்த்துக் கொடுப்பவர்கள் கோயில் நிர்வாகிகளும் ஊர்ச் சங்கங்களும். அங்கே தலைமையில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். சிறுபான்மைக்குள் சிறுபான்மையான தலித்துகளின் வாக்கு அவர்களுக்குத் தேவைப்படாது.

அதே அண்ணை நான் குடிவந்த முதல் வாரமே கேட்டார்: "தம்பி, உங்கடை ஆக்கள் ஆர்?" சொன்னேன். அதுவரை மேலேயிருந்து வந்துகொண்டிருந்த சாப்பாட்டுத் தட்டு அன்றோடு நின்றது. அதற்கும் ட்ரூடோவா காரணம்?

விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் வந்தால் சாதி ஒழிந்துவிடும், நெஸ்கன்டாகாவில் மறுநாளே நல்ல தண்ணீர் வரும் என்று நான் சொல்லவில்லை. சிதறியிருப்பவர்களின் வாக்குக்கு ஒரு மதிப்பு வரும், அவர்களைத் தாண்டிப் போக முடியாத நிலை கட்சிகளுக்கு வரும். போராட அது ஒரு தளம், அவ்வளவே. ஆனால் அந்தத் தளம்கூட இல்லாமல் ஆளை மாற்றிக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

எனவே கனடாவிலுள்ள தோழர்களே, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் உங்கள் தலைவர் நல்லவரா என்று கேட்காதீர்கள். தேர்தல் முறையை மாற்ற வாக்களிப்பாயா, மனித உரிமைச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க மசோதா கொண்டு வருவாயா, கட்சித் தலைமை வேண்டாம் என்றாலும் செய்வாயா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாக்கில்லாத நாங்கள் துண்டறிக்கையோடு உங்கள் பக்கத்தில் நிற்கிறோம்.