வீட்டுக்கு ஒரு போன்

மாத்தளை நகருக்கு வடக்கே, சிறிது தூரத்தில் இருக்கிறது அலுவிகாரை. பிக்குகளின் நாவில் மட்டுமே வாழ்ந்த திரிபிடகம், கி.மு. 1ஆம் நூற்றாண்டில் மன்னன் வட்டகாமணி அபயன் காலத்தில் அங்குள்ள பாறைக் குகைகளில்தான் ஓலையில் ஏறியது. பஞ்சத்திலும் படையெடுப்பிலும் ஓதத் தெரிந்தவர்கள் மாண்டுபோனால் பாடமும் போய்விடுமே என்ற அச்சம். அன்றைய புதுத் தொழில்நுட்பம் ஓலை. எழுதியவர்களோ பாடத்தை முன்பே நெஞ்சில் வைத்திருந்தவர்கள். 1848இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அங்கிருந்த சுவடிகள் அழிந்தன, பாடம் அழியவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள், கோப்பித் தோட்டங்களை நம்பி. அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓலையும் இல்லை, சிலேட்டும் இல்லை. பின்னாளில் வந்த தோட்டப் பாடசாலையும் பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977இல். இடையில் 32 ஆண்டுகள். 1945இல் தரம் ஒன்றில் இருந்த பிள்ளை அதற்குள் தன் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியிருக்கும்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது திரை வந்தது. ஈ-தக்சலாவ என்ற அரசின் இணையக் கல்வித் தளம் இருந்தது, வட்ஸ்அப்பில் பாடமும் வந்தது. ஆனால் தோட்டத்து லயன் வீடுகளில் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் திரும்பினால் ரீலோட் போடக் காசிருக்காது. சிக்னல் தேடி மேட்டில் ஏறிய பிள்ளைகளை மலையகம் முழுக்கப் பார்த்தோம்.

சரி, ஆளுக்கொரு கருவி கொடுத்துவிட்டால்? பெரு நாடு கொடுத்துப் பார்த்தது. கிராமத்துப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி போனது. 2012இல் வெளிவந்த ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயரவில்லை என்றது. எனக்கு வியப்பில்லை. அதை வைத்து என்ன கற்பிப்பது என்று ஆசிரியருக்குப் போதிய பயிற்சி கொடுக்கவில்லை.

மாத்தளை மிளகுக்குப் பேர்போன மண். தரம் மூன்று ஆசிரியை, மிளகுக்கொடி மரத்தைப் பற்றி ஏறுவதைத் தன் போனிலேயே படம்பிடித்துச் சுற்றாடல் பாடத்தில் காட்டலாம். அதற்கு டேட்டாவும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். “எங்க வீட்டுப் பின்னாலயும் இருக்கு டீச்சர்” என்று கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் எழும். அந்தப் பிள்ளைக்குப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.