சத்தம் கணீர்... திரை அமாவாசை!

செமினார் ஹால். முதல் வரிசையில் எச்.ஓ.டி. அவர் பக்கத்தில் எக்ஸ்டர்னல். உங்கள் டீமின் நாலு மாச உழைப்பு, ரெண்டு நிமிஷ வீடியோவாக பென் டிரைவில் இருக்கு. டபுள் க்ளிக் பண்றீங்க. பின்னணி இசை கணீர்னு கேட்குது. திரை மட்டும் அமாவாசை! "ரூம்ல நல்லாத்தான் ஓடுச்சு சார்..." என்று நீங்கள் இழுக்கும்போது கடைசி வரிசையில் ஒருத்தன் சிரிப்பான் பாருங்க... அந்த பல்பை நானும் வாங்கியிருக்கேன் மக்களே!

அடுத்து நாம என்ன பண்ணுவோம்? நெட்டில் தேடி, 'வீடியோ ஓடணுமா? இதை டவுன்லோடு பண்ணு' என்று கண்ணடிக்கிற முதல் பட்டனை அமுக்குவோம். கோடெக் பேக் என்ற பெயரில் ஒரு மூட்டை வைரஸ் வந்து இறங்கும். அந்தப் பழக்கத்தை முதலில் விடுங்க பாஸ். என்ன நோய்னே தெரியாம மாத்திரை போடுற வேலை அது.

மேட்டர் சிம்பிள். ஃபைல் பெயரின் கடைசியில் எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்றெல்லாம் இருக்கே, அது வெறும் டிபன் பாக்ஸோட பேர். உள்ளே இருப்பது தயிர் சாதமா, பிரியாணியா என்று டப்பா சொல்லாது. படத்தை ஒரு முறையில் சுருக்கி வைத்திருப்பார்கள், சத்தத்தை இன்னொரு முறையில். சுருக்கி விரிக்கிற அந்த வித்தைக்குத்தான் கோடெக் என்று பெயர். பிளேயருக்கு சத்தத்தின் கோடெக் தெரிந்து, படத்தின் கோடெக் தெரியாவிட்டால்? அதேதான், இசை கணீர், திரை அமாவாசை.

எங்கள் வீடியோவை எடுத்தது நண்பனின் புது போன். அது எச்.இ.வி.சி. முறையில் சேமித்திருந்தது. எச்.265 என்பதும் இதுதான். 2003-ல் வந்த எச்.264 முறையோடு ஒப்பிட்டால், 2013-ல் வந்த இது ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரத்தைக் கொடுக்கும். ஐபோன் 7-ல் தொடங்கி அடுத்து வந்த ஐபோன்கள், 2017-ன் ஐ.ஓ.எஸ். 11 முதல் இதில்தான் பதிவு செய்கின்றன, நீங்களா செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாத்தாத வரைக்கும். போனில் இடம் மிச்சம், சரி. ஆனால் விண்டோஸோடு வரும் பிளேயர் இதை ஓட்ட, தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் வேண்டும். காலேஜ் கம்ப்யூட்டரில் அதை யார் போட்டு வைப்பாங்க?

உடனடி வைத்தியம், ஆரஞ்சு கூம்பு வி.எல்.சி. தேவையான கோடெக்குகளை அது வயித்துக்குள்ளேயே வச்சிருக்கு. இதோட ஜாதகம் தெரியுமா? பாரிஸ் பக்கத்தில் எகோல் சென்ட்ரல் என்ற இன்ஜினீயரிங் கல்லூரி. அங்கே ஹாஸ்டல் பசங்களுக்கு கேம்ஸ் ஆட வேகமான நெட்வொர்க் வேணும். அதற்கு ஒரு கௌரவமான காரணம் வேணுமே? 'கேம்பஸ் முழுக்க நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பறோம்' என்று 1996-ல் ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாங்க. 2001-ல் கல்லூரி சம்மதிக்க, ஓப்பன் சோர்ஸாக வெளியே வந்தது. கேம் ஆடுறவனை இனிமே திட்டாதீங்க!

வி.எல்.சி.யும் சில நேரம் மக்கர் பண்ணும். வீடியோ ஓடும்போது கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அமுக்குங்க. உள்ளே இருக்கும் கோடெக், படத்தின் அளவு எல்லாம் ஜாதகமாக விரியும். பச்சைத் திரை, கட்டம் கட்டமாக உடையும் படம் என்றால் சந்தேகம் கிராஃபிக்ஸ் கார்டு மேல். 2018-ல் வந்த 3.0 வெர்ஷனிலிருந்து, படத்தை விரிக்கும் வேலையை வி.எல்.சி. அதனிடம் தள்ளிவிடுகிறது. அதோட டிரைவர் பழசாக இருந்தால் சொதப்பல்தான். கண்ட்ரோல் - பி அமுக்கி, 'இன்புட் / கோடெக்ஸ்' பகுதியில் 'ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங்' என்பதை 'டிஸேபிள்' செய்து, சேவ் பண்ணி, பிளேயரை மூடித் திறங்க.

ஆனா படம் உடையாமல் திக்கித் திக்கி ஓடினால் அது வேற கேஸ். பழைய லேப் கம்ப்யூட்டரில் 4கே வீடியோவைப் போட்டால் பாவம், பிராசஸர் மூச்சு வாங்கும். அங்கே மேலே சொன்ன வைத்தியம் செய்தால் இன்னும் மோசமாகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் 1080 அளவு, எச்.264 என்று மாத்தி ஒரு காப்பி எடுத்துக்குங்க. பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டாதீங்க, டெஸ்க்டாப்பில் காப்பி பண்ணி ஓட்டுங்க. பாதி திக்கல் அதிலேயே தீரும். வாயசைவுக்கும் குரலுக்கும் பொருந்தலையா? ஜே, கே கீகளைத் தட்டித் தட்டி சரி பண்ணலாம்.

இதெல்லாம் ஜலதோஷம் மாதிரி. ஃபைலே செத்துப் போச்சுன்னா?

எங்கள் லேப் அண்ணன் ரிட்டையர் ஆன நாள். வருஷக்கணக்கா எங்க எல்லார் ரீடிங்கையும் 'சரி' பண்ணிக் கொடுத்த மனுஷன், மைக் பிடித்தது அன்னிக்கு ஒரு நாள்தான். பேச்சு முடியப் போகிற நேரத்தில் ரெக்கார்ட் பண்ணின போன் சார்ஜ் தீர்ந்து அணைஞ்சிடுச்சு. ஃபைல் ஒரு ஜி.பி.க்கு மேல இருக்கு, ஆனா எதிலும் ஓடலை. வி.எல்.சி.யும் கையை விரிச்சிடுச்சு. ஷிஃப்ட் - டெலீட் மேல விரலை வச்சிட்டான் நண்பன்.

நல்லவேளை, ஃபைலின் சைஸை ஒருத்தி கவனிச்சா. ஓடாத ஃபைலுக்கு எதுக்கு அவ்வளவு எடை? எம்.பி.4-க்குள் எந்தக் காட்சி எங்கே இருக்கு என்று சொல்லும் பொருளடக்கம் ஒன்று உண்டு. பொதுவா ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் போன் அதை எழுதி முடிக்கும். போன் திடீர்னு செத்தால், புத்தகம் முழுசா இருக்கும், பொருளடக்கம் மட்டும் இருக்காது. அன்ட்ரங்க் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதே போனில், அதே செட்டிங்ஸில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்த ஃபைலுக்குப் பொருளடக்கம் கட்டிப் பார்க்கும். எல்லா ஃபைலும் பிழைக்கும்னு கேரண்டி கிடையாது. அதனால ஒரிஜினலைத் தொடாமல் காப்பி எடுத்து அதில்தான் முயற்சி பண்ணணும்.

நாங்கள் மாதிரியாகக் கொடுத்தது, அதே போனில் கேன்டீனில் சமோசாவை எடுத்த வீடியோ! ராத்திரி ஒரு மணிக்கு அண்ணன் திரையில் பேச ஆரம்பிச்சார். கடைசி சில வினாடிகள் மட்டும் இல்லை, 'நன்றி' சொல்ல வாயெடுக்கிறார், கட்.

மறுநாள் காப்பி கொடுக்கப் போனோம். பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, இது எங்க வீட்டு டி.வி.யில ஓடுமா?" என்றார். பழைய டி.வி.யாம். திரும்பி வந்து எச்.264-ஆக மாத்திக் கொடுத்தோம். ஓடுச்சாம்.