பழைய வேனுக்குள் அடுப்பு வேண்டாம்

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வரும் பழைய வேன்கள் சிலவற்றை உரிமையாளர்களே உள்ளே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். தச்சு வேலை செய்பவன் என்பதால், கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்த்துவிடுவேன். 12 மி.மீ. பிளைவுட்டில் படுக்கை, அதனடியில் சாமான் பெட்டி, ஜன்னலுக்குக் கொசுவலை. 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து வந்த கால்களுக்கு வேறென்ன வேண்டும்! பலகையை ஆணி அடித்து நிறுத்தாமல், போல்ட் போட்டு வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இறுக்குங்கள். குலுக்கலில் ஆணி கழன்றுவிடும். விளக்குக்குத் தனி வயர் இழுத்தால் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வையுங்கள்.

கேஸ் சிலிண்டரை மட்டும் ஏற்றாதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். வேன் அதைவிடச் சின்ன இடம். ஆம்னி வேனில் என்ஜினே முன் இருக்கைக்கு அடியில்தான். கசியும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், நீங்கள் படுத்திருக்கும் இடத்திலேயே. பக்கக் கதவை மறித்துப் படுக்கை போடுவதும் ஆபத்துதான்.

இருக்கையைக் கழற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்த மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. சமையலை வீட்டிலேயே முடித்து, புளியோதரை கட்டிக்கொண்டு வாருங்கள்.