எத்தனை மைக்ரான்?

பழைய இம்பிளாண்ட்டை எடுக்க மார்பைத் திறக்கும்போது, அது எந்த வகை என்பதை லேபிளுக்கு முன்பே விரல் சொல்லிவிடும். கேப்ஸ்யூலில் ஒரு கீறல் போட்டு லேசாக அழுத்தியதும் நுங்குபோல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் வழவழப்பு வகை. உறையின் உட்புறம் பளபளவென்று இருக்கும். விரலை விட்டுச் சுற்றிலும் பிரிக்க வேண்டியிருந்தால், பிரியப் பிரிய ஒட்டுப்பட்டையை உரிப்பதுபோல மெல்லிய சத்தம் கேட்டால், அது டெக்ஸ்சர் வகை. சில சமயம் இரண்டுக்கும் நடுவில் ஒன்று தட்டுப்படும்: இம்பிளாண்ட்டைப் பற்றிக்கொண்டு ஓர் உறை, அதற்கு வெளியே மார்புத் திசுவோடு இன்னோர் உறை, இடையில் கொஞ்சம் நீர். இரட்டை கேப்ஸ்யூல்.

மூன்றிலும் ஓடு ஒரே சிலிக்கான்தான். மேலே உள்ள மேடுபள்ளம் மட்டும் வேறு. அந்த மேடுபள்ளத்தை உடல் எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிறது என்பது இப்போது ஓரளவு தெரியும். நம் அறுவை சிகிச்சைக் குறிப்புகளிலோ இன்னும் ‘ஸ்மூத்’, ‘டெக்ஸ்சர்டு’ என்ற இரண்டே சொற்கள்தாம்.

அயற்பொருள் எதிர்வினையின் வரிசை நாம் எல்லோரும் படித்ததுதான். இம்பிளாண்ட் உள்ளே போன சில நொடிகளிலேயே ஃபைப்ரினோஜென் போன்ற புரதங்கள் அதன்மேல் படிகின்றன. பிறகு உடல் பார்ப்பது சிலிக்கானை அல்ல, இந்தப் புரதப் படலத்தை. நியூட்ரோஃபில்கள் வந்து போகின்றன. மேக்ரோஃபேஜ்கள் வந்து தங்கிவிடுகின்றன. விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய பொருளாயிற்றே! ஒன்றோடொன்று கூடிப் பேரணுக்களாகின்றன, ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை அழைக்கின்றன. கொலாஜன் சுவர் எழுகிறது. வழவழப்பான பரப்பின்மேல் அந்த இழைகள் ஒரே திசையில், பாய் முடைந்ததுபோல அடுக்கடுக்காகப் படியும். மயோஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் சுருங்கும்போது எல்லா இழையும் சேர்ந்து இழுக்கும். பேக்கர் அளவீட்டின் மூன்றும் நான்கும் அப்படித்தான் உருவாகின்றன.

இந்த இழுப்பை உடைக்கத்தான் சொரசொரப்பு வந்தது. 1962இல் ஹூஸ்டனில் தாமஸ் க்ரோனினும் ஃப்ராங்க் ஜெரோவும் வைத்த முதல் சிலிக்கான் இம்பிளாண்ட்டின் முதுகிலேயே, திசு பிடித்துக்கொள்ளட்டும் என்று டேக்ரான் துணி ஒட்டியிருந்தார்கள். 1970இல் பாலியூரித்தேன் நுரைப் போர்வை வந்தது. திசு நுரைக்குள் புகுந்து வளர்ந்தது, இழைகள் திசைமாறிச் சிதறின, இறுக்கம் குறைந்தது. ஆனால் நுரை உடலுக்குள் சிதையும்போது டொலுயீன்டையமின் வெளிப்படுகிறது என்ற கவலையில் 1991இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. நுரை வேண்டாம், நுரையின் வடிவம் மட்டும் போதும் என்று உற்பத்தியாளர்கள் சிலிக்கானிலேயே பள்ளம் செய்யத் தொடங்கினார்கள். சில்டெக்ஸ், நுரையை அச்சாக வைத்து அழுத்தி எடுத்தது. பயோசெல் கதை நம் சமையலறைக்குப் பக்கம்: இறுகாத சிலிக்கான்மேல் உப்பைப் பதித்து, பிறகு உப்பைக் கழுவி எடுத்துவிட்டால் அது இருந்த இடமெல்லாம் குழி. 600 முதல் 800 மைக்ரான் வரை அகலமான குழிகள். சில்டெக்ஸில் அவை 70 முதல் 150 மைக்ரான் வரைதான். இந்த இரண்டையும் ‘டெக்ஸ்சர்டு’ என்ற ஒரே சொல்லில் எழுதிக்கொண்டிருந்தோம். மணலும் ஜல்லியும் ஒன்று என்று எந்தக் கொத்தனாராவது சொல்வாரா?

சொரசொரப்பால் பயனே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சுரப்பிக்கு அடியில் வைத்தபோது கேப்ஸ்யூல் இறுக்கத்தை அது குறைத்தது, துளி வடிவ இம்பிளாண்ட் திரும்பிக்கொள்ளாமல் பிடித்தும் வைத்தது. தசைக்கு அடியில் வைக்கும்போது அந்த நன்மை அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனாலும் பழக்கத்தில் அங்கும் அதையே வைத்தோம்.

விலை பிறகுதான் தெரிந்தது. இம்பிளாண்ட்டை ஒட்டி வந்த அனபிளாஸ்டிக் லார்ஜ் செல் லிம்ஃபோமா 1997இல் முதன்முதலாகப் பதிவானது. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2011இல் எச்சரித்தது, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அதற்குத் தனி இடம் கிடைத்தது. 2019 ஏப்ரலில் பிரான்ஸ், பெருஞ்சொரசொரப்பு வகைகளையும் பாலியூரித்தேன் வகையையும் தடை செய்தது. அதே ஆண்டு ஜூலையில் பயோசெல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது எஃப்.டி.ஏ. கணக்கில் 573 நோயாளிகள், 33 மரணங்கள். அந்த 573இல் 481 பேரின் இம்பிளாண்ட் ஒரே நிறுவனத்துடையது. பெரிய குழிகளில் தங்கும் பாக்டீரியாப் படலமா, உதிரும் சிலிக்கான் துகளா, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் உராய்வா, பெண்ணின் மரபணுவா என்ற வாதம் ஓயவில்லை. பலவும் கூடித்தான் என்பது என் கட்சி.

எனக்கு இதைவிடப் பெரிய பாடமாகப் படுவது இன்னொரு கணக்கு. 2017இல் அமெரிக்காவில் விற்பனை எண்ணிக்கையை வைத்துப் போட்ட மதிப்பீடு, டெக்ஸ்சர் வகை வைத்த 30,000 பெண்களில் ஒருவருக்கு இந்த நோய் வரலாம் என்றது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் பீட்டர் கோர்டெய்ரோ, 1992 முதல் 2017 வரை பெருஞ்சொரசொரப்பு இம்பிளாண்ட் வைத்துத் தாமே மார்பகச் சீரமைப்பு செய்த 3,546 பெண்களின் பதிவைத் திறந்து பார்த்தார். பத்துப் பேருக்கு நோய். அதாவது 355 பேரில் ஒருவர். இரண்டும் ஒரே கூட்டத்தின் கணக்கு அல்ல. முன்னதில் எல்லா டெக்ஸ்சரும் அடக்கம், பின்னதில் ஒரே வகை. அதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பயங்கரமானது. ஒருவர் தம் நோயாளிகளைக் கால் நூற்றாண்டு கைவிடாமல் எழுதிவைத்ததால் வெளிப்பட்ட எண் அது.

அப்படியானால் எல்லோரும் வழவழப்புக்குத் திரும்பிவிடலாமா? அது அவசர முடிவு. 2021இல் ‘நேச்சர் பயோமெடிக்கல் எஞ்சினியரிங்’ இதழில் டோலோஃப், வெய்சே, லாங்கர் குழுவினர், சராசரி சொரசொரப்பு 0 முதல் 90 மைக்ரான் வரையிலான பரப்புகளை எலியிலும் முயலிலும் ஒப்பிட்டு, மனித கேப்ஸ்யூல்களையும் சோதித்தார்கள். மிகக் குறைந்த அழற்சி முழு வழவழப்பில் அல்ல, 4 மைக்ரான் அளவில் இருந்தது. அதைச் சுற்றி, அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி-செல்கள் கூடுதலாகத் தெரிந்தன. அந்த அளவுப் பரப்பைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இந்த ஆய்வில் பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எலியின் சில மாதங்கள் பெண்ணின் இருபது ஆண்டுகள் ஆகா. இன்னொன்று: 2022 செப்டம்பரில் எஃப்.டி.ஏ., கேப்ஸ்யூலில் தோன்றும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் பற்றி எச்சரித்தபோது, வழவழப்பு வகையையும் சேர்த்தே சொன்னது. எண்ணிக்கை மிகச் சிறியது. ஆனாலும் வழவழப்புக்கு யாரும் விடுதலைப் பத்திரம் எழுதிவிடவில்லை.

இனி நம் வார்டுக்கு வருவோம். எட்டு, பத்து வருடம் கழித்து ஒரு பக்க மார்பு மட்டும் வீங்கி ஒரு பெண் வருகிறார். அடிபட்டதா என்று கேட்டு, ஆன்டிபயாட்டிக் எழுதி அனுப்புவது பழைய வழக்கம். அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் சேரும் நீரை, வேறு காரணம் தெரியும்வரை, லிம்ஃபோமா என்றே சந்தேகியுங்கள். ஸ்கேன் பார்த்து உறிஞ்சி, முதல் நீரையே முழுதாக அனுப்புங்கள். அடுத்தடுத்த முறை எடுப்பதில் செல்கள் நீர்த்துப் போயிருக்கும். சந்தேகம் இன்னது, சிடி30 தேவை என்று படிவத்தில் எழுதாவிட்டால் ஆய்வகம் அதைத் தேடாது. உறைக்குள்ளேயே அடங்கியிருக்கும் நோய், கேப்ஸ்யூலை இம்பிளாண்ட்டோடு முழுமையாக எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். தொந்தரவே இல்லாதவரிடம் பயத்துக்காக எடுக்க வேண்டியதில்லை, எஃப்.டி.ஏ.யும் அதைப் பரிந்துரைக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, “உள்ளே வைத்தது எந்தக் கம்பெனி?” அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது அவர் அல்ல, நாம். பெட்டிக்குள் கூடவே வரும் ஸ்டிக்கரை தியேட்டரில் யாரோ கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறார்கள். சென்னை வெயிலில் பசை காய்ந்து அது உதிர்ந்துவிடுகிறது, அல்லது கேஸ் ஷீட்டே பழைய கட்டுகளோடு போய்விடுகிறது. புற்றுநோய்க்குப் பின் மார்பகச் சீரமைப்பு செய்துகொண்டவரிடமும் நிலைமை இதுதான். டிஷ்யூ எக்ஸ்பாண்டரை நாம் எழுதுவதே அபூர்வம். பயோசெல் பரப்புள்ள எக்ஸ்பாண்டர்களும் 2019இல் திரும்பப் பெறப்பட்டவைதாம்.

மருந்து எழுதும்போது மில்லிகிராம் எழுதாமல் விடுவதில்லை. மேற்பரப்பும் ஒரு டோஸ்தான். ஐ.எஸ்.ஓ. 14607 தரநிலை 2018 முதல் அதற்கு எளிய வரையறை தந்திருக்கிறது: சராசரி சொரசொரப்பு 10 மைக்ரானுக்குக் கீழ் வழவழப்பு, 10 முதல் 50 வரை நுண்சொரசொரப்பு, அதற்கு மேல் பெருஞ்சொரசொரப்பு. நிறுவனம், மாடல், மேற்பரப்பு வகை, லாட் எண், வரிசை எண் ஆகிய ஐந்தையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் கையால் எழுதுங்கள். இரண்டாவது ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டி அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த இதழ் முதல், சிலிக்கான் இம்பிளாண்ட் பற்றி நமக்கு வரும் எந்தக் கட்டுரையிலும் மேற்பரப்பு வகையும் அளவும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘டெக்ஸ்சர்டு’ என்று மட்டும் எழுதியவை மதிப்பீட்டாளருக்குப் போகாமல் ஆசிரியருக்கே திரும்பும்.