கையைக் கட்டியது யார்?

இந்திய அமைதிப்படையை இலங்கைக்குக் கையைக் கட்டி அனுப்பினார்கள், இல்லையென்றால் விடுதலைப் புலிகளை ஒரு மாதத்தில் முடித்திருப்போம் என்ற பேச்சு டெல்லிக் கருத்தரங்குகளில் ஓய்வதே இல்லை. 1987 அக்டோபரில் தொடங்கிய 'பவன்' நடவடிக்கையில் டாங்கிகள் போயின, பீரங்கி முழங்கியது, எம்.ஐ.-25 ஹெலிகாப்டர்களும் வந்தன. யாழ்ப்பாண நகரம் சில வாரங்களில் கைக்கும் வந்தது. அதற்குப் பிறகுதான் இரண்டு ஆண்டுக்கும் மேலான சண்டை! இதில் எந்தக் கை கட்டப்பட்டிருந்தது?

யாழ் பல்கலைக்கழக வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புலிகளின் தலைவர் பிரபாகரனைப் பிடிக்க அக்டோபர் 11 இரவு அங்கே வீரர்களை இறக்கினார்கள். ராணுவத்தின் வானொலித் தகவலைப் புலிகள் முன்பே ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள். சீக்கியப் படைப்பிரிவின் முப்பது பேரில் உயிரோடு மிஞ்சியவர் ஒருவர், அவரும் கைதியாக. இன்னும் நாலு டாங்கி இருந்திருந்தால் அந்த ரகசியம் காப்பாற்றப்பட்டிருக்குமா?

அடுத்து, அதே ஆண்டு தீபாவளியன்று யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் அமைதிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு புலி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று அந்த ஊரில் யார் சொல்வார்கள்?

இலங்கை ராணுவம் 2009இல் முடித்துக் காட்டவில்லையா என்பார்கள். அப்போது புலிகளிடம் எல்லை, பீரங்கி, கடற்படை, விமானம் எல்லாம் இருந்தன. நிலத்தைக் காக்க நின்று போரிட்டார்கள். 1987இல் யாழ்ப்பாண நகரம் போன பிறகு அவர்கள் அப்படி நிற்கவே இல்லை.